ஸ்கல்ப்டில் இருந்த தோல்துளை ரெண்டரில் எங்கே போனது? டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் எடுப்பது பற்றி ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முதியவரின் தலையை, டிஜிட்டலாகச் செதுக்கும் மென்பொருளான ஜீபிரஷ்ஷில், ஆறு சப்டிவிஷன் லெவல் (மெஷ்ஷின் முகங்களை மேலும் மேலும் பிரிக்கும் படிநிலை) வரை செதுக்கியிருக்கிறீர்கள். சுருக்கங்களையும் தோல்துளைகளையும் கருப்பு-வெள்ளை டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பாக எடுத்து, மாயா என்ற 3டி மென்பொருளில் ஆர்னால்டு ரெண்டரரை வைத்து ரெண்டர் (இறுதிப் படம்) போட்டிருக்கிறீர்கள். முகம் மொத்தமாக உப்பிவிட்டது. நெற்றியில் படிக்கட்டு மாதிரி வளையங்கள். தோல்துளை ஒன்றுகூடத் தெரியவில்லை. மேப்பின் ஸ்ட்ரெங்த்தைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து கூட்டாதீர்கள். இந்த மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. ஸ்ட்ரெங்த்தைக் கூட்டினால் உப்பல் இன்னும் அதிகமாகும், வளையங்கள் இன்னும் ஆழமாகும், துளை அப்போதும் வராது. ஒருமுறை அந்த ஸ்லைடரைக் கண்ணுக்குச் சரியாகப் படும் அளவுக்கு நகர்த்திவிட்டால், அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாமல் போய்விடும்.

டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பைப் படமாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அது ஒரு தூரப் பட்டியல். ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: பேஸ் மெஷ்ஷின் (நுணுக்கம் சேராத அடிப்படை வலைவடிவம்) வழவழப்பான பரப்பில் இந்த இடத்திலிருந்து, நார்மல் திசையில் (பரப்புக்குச் செங்குத்தாக), இவ்வளவு தூரம் வெளியே போ அல்லது உள்ளே வா. மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்வது போலத்தான். எந்த மட்டத்திலிருந்து, எந்த அலகில் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உங்கள் ரெண்டரில் நடந்திருப்பதும் அதுதான். ஜீபிரஷ் ஒரு மட்டத்திலிருந்து அளந்திருக்கிறது, ஆர்னால்டு வேறொரு மட்டத்திலிருந்து படித்திருக்கிறது.

உப்பலை எடுத்துக்கொள்வோம். ஜீபிரஷ்ஷின் மல்டி மேப் எக்ஸ்போர்ட்டரில் டிஸ்ப்ளேஸ்மென்ட்டுக்கு 'மிட்' என்று ஒரு மதிப்பு இருக்கும். அது 0.5 என்றால், மேப்பில் நடுச்சாம்பல் நிறம்தான் 'அசையாதே' என்பதற்கான குறி. அதைவிட வெளுப்பானது வெளியே போகும், கருப்பானது உள்ளே போகும். ஆர்னால்டில் ஷேப்பின் டிஸ்ப்ளேஸ்மென்ட் பகுதியில் 'ஸ்கேலர் ஜீரோ வேல்யூ' என்று ஒன்று உண்டு. அதை 0 என்றே விட்டிருந்தால், 'அசையாதே' என்று எழுதிய ஒவ்வொரு பிக்சலையும் ஆர்னால்டு '0.5 வெளியே போ' என்று படிக்கும். மாயாவின் இயல்பான அலகு சென்டிமீட்டர். ஆக, தலை முழுவதும் எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் பருத்துவிடும். மூக்குத் துவாரம் அடைபடும், இமைகள் ஒன்றுக்குள் ஒன்று புகும். பொன்னுக்கு வீங்கி வந்த முகம் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாயாவுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கலாம். ஃபைல் நோடை (மேப் படத்தை ஏற்றும் பெட்டி) டிஸ்ப்ளேஸ்மென்ட் ஷேடரில் இணைக்கும்போது அது வழக்கமாக 'அவுட் ஆல்ஃபா'விலிருந்துதான் இணைகிறது. நீங்கள் எடுத்த படத்தில் ஆல்ஃபா சேனல் இல்லையென்றால் எல்லா இடத்திலும் மதிப்பு 1. அதாவது முழுத் தலையும் ஒரு சென்டிமீட்டர் வீங்கும், சுருக்கம் ஒன்றும் இருக்காது. 'ஆல்ஃபா இஸ் லூமினன்ஸ்' டிக் செய்திருக்கிறதா என்று பாருங்கள். அல்லது சிவப்புச் சேனலை நேராக இணைத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். எந்த எண் எங்கே போகிறது என்பது நோடைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது கலர் ஸ்பேஸ். ஃபைல் நோடில் அது 'எஸ்ஆர்ஜிபி' என்று இருந்தால், மாயா இதைப் புகைப்படம் என்று நினைத்து லீனியருக்கு மாற்றும். 0.5 என்று எழுதியது 0.214 ஆகிவிடும். ஜீரோ வேல்யூவைச் சரியாக 0.5 வைத்திருந்தாலும்கூட, முகம் கிட்டத்தட்ட 0.29 சென்டிமீட்டர் உள்ளே ஒடுங்கிப்போகும். அதைவிட மோசம், அந்த வளைவு மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மாதிரி மாற்றாது. அதனால் பின்னால் ஸ்கேலை எப்படித் திருத்தினாலும் பழைய வடிவம் திரும்பாது. கலர் ஸ்பேஸ் 'ரா' என்று இருக்க வேண்டும். பிளெண்டர் என்ற இன்னொரு 3டி மென்பொருளில் இதே வேலைக்கு 'நான்-கலர்' என்று பெயர். இது நிறமல்ல, தூரம் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இனி நெற்றி வளையங்கள். உங்கள் மேப் எங்கோ ஓரிடத்தில் 8 பிட் ஆகியிருக்கிறது. ஜீபிரஷ்ஷிலேயே அப்படி எடுத்திருக்கலாம். அல்லது இடையில் ஒரு பெயின்ட் மென்பொருளில் திறந்து கொஞ்சம் திருத்திச் சேமித்தபோது ஆகியிருக்கலாம். 8 பிட்டில் மொத்தம் 256 படிகள்தான். உங்கள் தலையில் மிக உயர்ந்த மேட்டுக்கும் மிக ஆழ்ந்த பள்ளத்துக்கும் இடையே 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி 0.039 மி.மீ. வருகிறது. 0.1 மி.மீ. ஆழமுள்ள ஒரு மெல்லிய சுருக்கத்தை வரைய இரண்டு அல்லது மூன்று படிகள்தான் கிடைக்கும். நெற்றி போன்ற மெதுவாக வளையும் பரப்பில் அந்தப் படிகள் நிலப்படத்தின் சமஉயரக் கோடுகள் போல வளைய வளையமாகத் தெரியும். 16 பிட் இன்டிஜரில் 65,536 படிகள். அதே 10 மி.மீ.யில் ஒரு படி 0.00015 மி.மீ. வளையம் இருந்த இடமே தெரியாது.

16 பிட் என்றவுடன் நிம்மதியாகிவிடாதீர்கள். இஎக்ஸ்ஆர் கோப்பில் 16 பிட் என்றால் அது பெரும்பாலும் ஹாஃப் ஃப்ளோட். விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003-ல் ஓப்பன் இஎக்ஸ்ஆரைப் பொதுவில் வெளியிட்டபோது அதோடு பரவிய வடிவம். ஒரு பிட் குறிக்கு, ஐந்து பிட் அடுக்குக்கு, பத்து பிட் மட்டுமே இலக்கங்களுக்கு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மிக நுணுக்கமாகவும், பூஜ்யத்தை விட்டு விலக விலகக் கரடுமுரடாகவும் எண்களைப் பிடிக்கும் அமைப்பு இது. மிட் 0.5 வைத்து இதில் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.5 முதல் 1 வரை ஒரு படி 1/2048, அதாவது ஏறக்குறைய 0.0005. 0.25 முதல் 0.5 வரை அதில் பாதி. உங்கள் மேட்டுக்கு ஒரு நுணுக்கம், பள்ளத்துக்கு அதைப்போல இரு மடங்கு நுணுக்கம்! சென்டிமீட்டர் அலகில் 0.05 மி.மீ. மேடு என்பது 0.005. அதற்குப் பத்துப் படிகள்தான் தேறும். அதே மேட்டை மிட் 0 வைத்து எடுத்தால் அந்த இடத்தில் ஒரு படி 0.000004-க்கும் கீழே. கோப்பின் அளவு ஒன்றுதான், பிட்டும் ஒன்றுதான், நுணுக்கம் நூறு மடங்குக்கு மேல்.

அதனால் நான் செய்வது இதுதான்: 32 பிட், மிட் 0, ஸ்கேல் 1, ஃபிளிப் வி (மேப்பை மேல்கீழாகப் புரட்டுவது) ஆன், கோப்பு இஎக்ஸ்ஆர். உள்ளே போவது எதிர்ம எண்ணாகவே பதியட்டும். ஆர்னால்டில் ஹைட் 1, ஜீரோ வேல்யூ 0. இப்போது பிக்சலில் 0.12 என்று இருந்தால் 0.12 சென்டிமீட்டர் என்றே பொருள். ஒரு பிக்சலைத் தொட்டுப் பார்த்தாலே அது சரியா தவறா என்று சொல்லிவிடலாம். படத்தைத் திறந்தால் பெரும்பகுதி கருப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எதிர்ம எண்ணைத் திரை காட்டாது, அவ்வளவுதான். ஜீபிரஷ்ஷில் இடையில் 'யூனிஃபை' அழுத்தியிருந்தாலோ எக்ஸ்போர்ட் ஸ்கேலை மாற்றியிருந்தாலோ இந்த எண் மாறிவிடும். அதனால் மாயாவிலிருந்து உள்ளே வந்த அளவு கடைசி வரை அப்படியே இருக்கட்டும்.

தோல்துளைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'மேப்பை 8கே எடு, துளை வந்துவிடும்' என்று பலரும் சொல்வார்கள். வராது. ஏன் என்று பாருங்கள்.

தலைச் சுற்றளவு 57 செ.மீ. யூவியில் (3டி பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) தலையை விரித்தபோது அது டைலின் (அந்த வரைபடத்தின் ஒரு சதுரம்) அகலத்தில் 80 சதவீதத்தைப் பிடித்தது என்று கொள்வோம். 4096 பிக்சல் மேப்பில் அது 3,277 பிக்சல். 570 மி.மீ.யை அதில் பங்கிட்டால் ஒரு பிக்சல் 0.17 மி.மீ. ஒரு துளையைத் துளையாகக் காட்டக் குறைந்தது மூன்று பிக்சலாவது வேண்டும்: ஒரு விளிம்பு, ஒரு பள்ளம், மறு விளிம்பு. 0.3 மி.மீ. அகலத் துளைக்கு உங்கள் 4கே மேப்பில் இரண்டு பிக்சல்கூட முழுதாக இல்லை. 8கே எடுத்தால் மூன்றரை பிக்சல் கிடைக்கும். சரி, ஆனால் அந்த பிக்சல்களில் எழுத ஸ்கல்ப்டில் என்ன இருக்கிறது?

உங்கள் பேஸ் மெஷ் 8,000 முகங்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு லெவலுக்கும் நான்கு மடங்கு. ஆறாவது லெவலில் ஏறக்குறைய 82 லட்சம். தலையும் கழுத்தும் சேர்ந்த பரப்பு 1,600 சதுர செ.மீ. என்றால், ஒரு பாலிகன் சராசரியாக 0.14 மி.மீ. பக்கமுள்ள சதுரம். அதாவது ஸ்கல்ப்டிலேயே 0.3 மி.மீ. துளைக்கு இரண்டு பாலிகன்தான் இருக்கிறது. ஜீபிரஷ் திரையில் துளையாகத் தெரிந்தது உண்மையில் ஒரு கூர்மழுங்கிய குழி. 4கே மேப்பில் உங்கள் தலை பிடித்திருக்கும் பரப்பு ஒரு கோடி பிக்சலைச் சுற்றி இருக்கும். 82 லட்சம் பாலிகனுக்கு அது போதுமான மேப்தான். 8கே என்பது அதே தகவலைப் பெரிய தாளில் எழுதுவது.

மூன்றாவது இடம் ரெண்டர். ஆர்னால்டு சப்டிவிஷனில் இட்டரேஷன் (எத்தனை முறை பிரிப்பது) 2 வைத்திருக்கிறீர்கள். 8,000 முகம் 1,28,000 ஆகும். ஒரு பாலிகன் ஒரு மி.மீ.க்கும் மேல் அகலம். மேப்பில் துளை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு மி.மீ. கட்டத்தில் 0.3 மி.மீ. பள்ளத்தை எப்படி இறக்க முடியும்? ஜீபிரஷ்ஷில் ஆறாவது லெவல் என்பது ஐந்து முறை பிரித்தது. அதற்கு ஈடாக இங்கே இட்டரேஷன் 5 வேண்டும். மெமரி தாங்காவிட்டால் 4 வைத்து 'ஆட்டோபம்ப்' ஆன் செய்யுங்கள். பாலிகனால் பிடிக்க முடியாத நுணுக்கத்தை அது அதே மேப்பிலிருந்து எடுத்து, பரப்பின் நார்மலை மட்டும் சாய்த்துக் காட்டும். வெளிவிளிம்பு மாறாது, ஆனால் தோல்துளைக்கு வெளிவிளிம்பு யாருக்குத் தெரியப் போகிறது?

இந்தப் பிரிவினை இன்று நேற்றல்ல. பரப்பை அசைக்காமல் நார்மலை மட்டும் ஆட்டும் பம்ப் மேப்பிங்கை ஜிம் பிளின் 1978-ல் சொன்னார். நீங்கள் லெவல் லெவலாக ஏறுவதற்கு அடிப்படையான கேட்மல்-கிளார்க் சப்டிவிஷனும் அதே ஆண்டுதான். பரப்பையே நகர்த்தும் டிஸ்ப்ளேஸ்மென்ட்டை ராபர்ட் குக் 1984-ல் லூகாஸ்ஃபிலிமிலிருந்து எழுதினார். நாம் இன்று செய்கிற வேலைக்கு இன்னும் நெருக்கமானது, 1996-ல் ஸ்டான்ஃபோர்டில் வெங்கட் கிருஷ்ணமூர்த்தியும் மார்க் லெவாயும் செய்தது. லட்சக்கணக்கான பாலிகன் கொண்ட ஸ்கேன் ஒன்றின் மேல் ஒரு வழவழப்பான பரப்பைப் பொருத்தி, மிச்சமிருக்கும் வித்தியாசத்தை டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பாக எடுத்தார்கள். மிச்சம் என்ற சொல்லை மனதில் வையுங்கள். மேப் என்பது எப்போதும் இரண்டு பரப்புகளின் மிச்சம்.

அந்த மிச்சத்தில்தான் நீங்கள் இன்னும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ரிக்கிங்குக்குக் (தலையை அசைக்கும் கட்டுப்பாடுகளைப் பொருத்தும் வேலை) கொடுக்கும்போது அது தலைதூக்கும். ஆறாவது லெவலில் கன்னத்தை இழுத்துச் செதுக்கும்போது, கீழே முதல் லெவலும் உங்களுக்குத் தெரியாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் லெவல் 1-க்கு இறங்கிப் பார்த்தால் அது நீங்கள் மாயாவிலிருந்து கொண்டுவந்த மெஷ் அல்ல. எண்ணிக்கை ஒன்று, யூவி ஒன்று, புள்ளிகள் இருக்குமிடம் வேறு. ஜீபிரஷ் மேப்பை அளப்பது இந்தப் புதிய லெவல் 1-லிருந்து. நீங்கள் ரெண்டரில் போட்டிருப்பது பழைய மெஷ் என்றால், மட்டமே மாறிவிட்டது. மூக்கு அரை மி.மீ. தள்ளி நிற்கும், உதட்டோரம் கசங்கும்.

வழி இரண்டு. ரிக் இன்னும் தொடங்கவில்லை என்றால், ஜீபிரஷ்ஷின் லெவல் 1-ஐ ஏற்றுமதி செய்து அதையே பேஸ் மெஷ்ஷாக வைத்துக்கொள்ளுங்கள். ரிக் ஏற்கெனவே பழைய மெஷ்ஷில் ஓடிக்கொண்டிருந்தால், செதுக்கத் தொடங்குமுன் லெவல் 1-ல் மார்ஃப் டார்கெட் (அப்போதைய வடிவத்தின் நகல்) ஸ்டோர் செய்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் லெவல் 1-க்கு இறங்கி, 'ஸ்விட்ச்' அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அப்போது மேப் எடுங்கள். இரண்டில் எது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் யாரோ ஒருவர் இரவு முழுக்க உட்கார வேண்டிவரும்.

யூவி ஸ்மூத்திங்கும் இதே குடும்பம். மெஷ்ஷை சப்டிவைட் செய்யும்போது யூவியும் சேர்ந்து வழவழப்பாகிறதா இல்லையா என்பதில் ஜீபிரஷ்ஷின் 'ஸ்மூத் யூவி'யும் ஆர்னால்டின் யூவி ஸ்மூத்திங்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று ஆன், இன்னொன்று லீனியர் என்றால் சுருக்கம் தோல்மேல் வழுக்கிப்போன மாதிரி இருக்கும். அது தையல் ஓரங்களில் அதிகம் தெரியும்.

டைல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யானை செய்தோம், யூடிம் முறையில் (யூவியை எண்ணிட்ட பல டைல்களாகப் பிரிப்பது) 1001-லிருந்து வரிசையாகப் பதினான்கு டைல். மேப் வேறொரு இடத்திலிருந்து பேக் செய்து (மேப்பாகக் கணக்கிட்டு எடுத்து) வந்தது, 16 பிட் டிஃப் கோப்பு. போட்டுப் பார்த்தால் தும்பிக்கையின் சுருக்கம் பாறை வெடிப்பு மாதிரி இருக்கிறது, முன்னங்காலின் சுருக்கம் மழுமழு என்று இருக்கிறது, இரண்டும் சேரும் தோளில் ஒரு வாய்க்கால். இரண்டு நாள் யூவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில்தான் தெரிந்தது, ஒவ்வொரு டைலும் அதனதன் அதிகபட்ச உயரத்துக்கு ஏற்ப 0-1 அளவுக்குத் தனித்தனியாக நீட்டப்பட்டிருந்தது. ஒரு டைலில் வெள்ளை என்றால் 4 செ.மீ., பக்கத்து டைலில் அதே வெள்ளை 9 மி.மீ. எந்த டைலுக்கு எந்த அளவு என்ற குறிப்பு யாரிடமும் இல்லை. முழுவதையும் மறுபடி பேக் செய்ததுதான் முடிவு. அன்றிலிருந்து நார்மலைஸ் செய்த மேப்பை நான் கையில் வாங்குவதில்லை.

துளையைக் கொண்டுவர உண்மையில் என்ன செய்யலாம் என்றால், பெரிய வடிவத்தையும் நுண்ணியதையும் பிரித்துவிடுங்கள். லெவல் 1-லிருந்து ஆறுவரை ஒரு மேப்: கன்ன மடிப்பு, நெற்றிக் கோடு, கழுத்துத் தசை எல்லாம் அதில். எக்ஸ்போர்ட்டரில் சப்டிவ் லெவலை 4 என்று வைத்து இன்னொன்று எடுத்தால், நான்காவது லெவலுக்குமேல் சேர்த்த நுணுக்கம் மட்டும் தனியாக வரும். இதை பம்ப்பாகப் போடலாம், பளபளப்பை மாற்றும் மாஸ்க்காகப் பயன்படுத்தலாம், க்ளோஸ்-அப் ஷாட்டில் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் இது முதல் மேப்பிலேயே அடங்கியிருப்பதால் இரண்டையும் டிஸ்ப்ளேஸ்மென்ட்டாகக் கூட்டிவிடாதீர்கள், அதே சுருக்கம் இருமுறை விழும்.

துளையளவு நுணுக்கத்தை நான் இப்போது செதுக்குவதே இல்லை. தலையை இரண்டு மூன்று டைலாகப் பிரித்து, முகத்துக்கு மட்டும் ஒரு முழு டைல் கொடுத்து, உண்மையான தோலை ஸ்கேன் செய்து எடுத்த உயர மேப்பை மாரி என்ற 3டி பெயின்ட் மென்பொருளில் முகத்தின்மேல் பொருத்தி, அதை ஸ்கல்ப்ட் மேப்போடு ரெண்டரில் கூட்டுகிறேன். மூக்கின் துளை வட்டமானது, கன்னத்தின் துளை நீண்டு சாய்ந்தது, நெற்றியில் துளைகளை இணைத்து மெல்லிய கோடுகள் ஓடும். பிரஷ்ஷில் ஒரே ஆல்ஃபாவை முகம் முழுக்கத் தெளித்தால் இந்த வேறுபாடு போய், ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். உங்கள் படத்தில் தாடை ஓரத்தில் அது கொஞ்சம் தெரிகிறது. செதுக்குவதில் உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது, அந்த உழைப்பைக் கண்ணோரச் சுருக்கத்திலும் இமையின் கனத்திலும் செலவிடுங்கள்.

இந்த வகை மேப்பால் முடியாத ஒன்றும் உண்டு. ஒரு புள்ளியை நார்மல் திசையில் மட்டுமே தள்ள முடியும், பக்கவாட்டில் வளைக்க முடியாது. காது மடலின் உள்சுருள், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்த செதில், தொங்கும் இமை மடிப்பு இவையெல்லாம் ஒற்றை எண்ணில் அடங்காது. மூன்று திசையும் பதியும் வெக்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட் எடுங்கள், அல்லது அந்த வடிவத்தைப் பேஸ் மெஷ்ஷிலேயே கொண்டுவந்துவிடுங்கள். முகத்துக்கு இரண்டாவதுதான் நல்லது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க: ஐந்தாவது அல்லது ஆறாவது லெவல் மெஷ்ஷை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து, அதே மாயா சீனில் அதே இடத்தில் வைத்து, எந்த மேப்பும் இல்லாமல் சாம்பல் ஷேடரில் ஒரு ரெண்டர் எடுங்கள். பிறகு அதை மறைத்துவிட்டு, பேஸ் மெஷ்ஷும் மேப்பும் சேர்த்து அதே கேமராவில் இன்னொன்று. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். மூக்கு நுனியும் காது விளிம்பும் அசையக் கூடாது. தலை முழுவதும் ஒரே அளவு பருத்தோ ஒடுங்கியோ தெரிந்தால் மிட் அல்லது கலர் ஸ்பேஸ். உருவம் சரி, சுருக்கத்தின் ஆழம் மட்டும் வேறு என்றால் ஸ்கேல். சுருக்கம் இடம் மாறியிருந்தால் யூவி ஸ்மூத்திங். நெற்றிக் கோடு தாடையில் வந்தால் ஃபிளிப் வி. மேடுகள் தட்டையாக வெட்டியது போல இருந்தால் ஆர்னால்டின் பவுண்ட்ஸ் பேடிங் (பரப்பு நகர மெஷ்ஷைச் சுற்றி ஒதுக்கும் இடம்) போதவில்லை. தையலில் மட்டும் கோடு விழுந்தால் மேப்பின் ஓரப் பேடிங்கைப் பதினாறு பிக்சலாவது வையுங்கள்.

இரண்டு படமும் ஒத்துப்போகும்போது ஹைட் 1-ல் இருக்க வேண்டும். அதை 1.3 ஆக்கினால்தான் நன்றாக இருக்கிறது என்று தோன்றினால், ஜீபிரஷ்ஷுக்குத் திரும்பிப்போய்ச் சுருக்கத்தை அங்கே ஆழமாக்கிவிட்டு மேப்பை மறுபடி எடுங்கள்.